மருந்துக்கும் கணக்கு உண்டு



மாதக் கூட்டத்தில் நாம் முதலில் விரிப்பது கணக்கு நோட்டைத்தான். யார் சேமிப்புக் கட்டினார், யாருக்குத் தவணை பாக்கி என்று எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் குழுவின் நிலைமை புரியும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்துக்கும் இப்படி ஒரு கணக்கு வேண்டும். ஏன் தெரியுமா?

நம் சீவலப்பேரிப் பக்கம் ஒரு குழு அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் நாலு மாத்திரை வாங்கினார். எரிச்சல் குறைந்ததும் இரண்டோடு நிறுத்திவிட்டார். மறுமாதம் குளிர்காய்ச்சலோடு திரும்ப வந்தது. அதே மாத்திரை இந்தத் தடவை கேட்கவில்லை. ஊசி, படுக்கை, பஸ் செலவு என்று குழுவில் கடன் வாங்கும்படி ஆயிற்று.

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாக் கிருமியைக் கொல்லும் மருந்து. அதைத் தேவையில்லாமல் சாப்பிட்டாலும், கண்டபடி சாப்பிட்டாலும், மருந்தைத் தாங்கும் கிருமிகள் மிஞ்சிப் பெருகும். வயலில் ஒரே பூச்சிமருந்தை அடித்து அடித்து, கடைசியில் பூச்சி சாகாமல் போகிறதே, அதுபோலத்தான்.

ஆஸ்பத்திரிக் கணக்கு எப்படி?

சிறுநீர், ரத்தம், சீழ் ஆகியவற்றை லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். இந்த முடிவுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆண்டுக்கு ஒருமுறை கூட்டினால், எந்தக் கிருமி எந்த மருந்துக்கு நூற்றுக்கு எத்தனை அடங்குகிறது என்ற அட்டவணை கிடைக்கும். அடுத்து வரும் நோயாளிக்கு லேப் முடிவு வருமுன்னே எந்த மருந்தில் தொடங்கலாம் என்று டாக்டர் அதைப் பார்த்து முடிவு செய்யலாம். 

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013 முதல் வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் கணக்கைச் சேர்த்து வருகிறது. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற கிருமி. கடும் நோய்க்குப் போடும் இமிபெனம் ஊசிக்கு, 2017-இல் இந்தக் கிருமி 100-க்கு 81 அடங்கியது. 2023-இல் 63 தான். இது நோய் முற்றியவர்கள் அதிகம் வரும் ஆஸ்பத்திரிகளின் கணக்கு. ஆனாலும் நமக்கு எச்சரிக்கைதான்.

பக்கத்துக் கேரளம் 2018-இல் இதற்கெனத் திட்டம் போட்டது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க 2024-இல் சோதனையும் தொடங்கியது.

நாம் செய்ய வேண்டியவை

1. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கக் கூடாது. அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

2. சாதாரண சளிக்கு இது வேலை செய்யாது. 'பவரா மாத்திரை குடுங்க' என்று கேட்காதீர்கள்.

3. சொன்ன நாள்வரை, சொன்ன வேளையில் சாப்பிடுங்கள். மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

4. பழைய சீட்டு, லேப் ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் வைத்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். முன்பு எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் நம் பங்கு இதுதான்.

கூட்டத்தில் பேசுவோம்

நம் வீட்டில் மிச்சம் கிடக்கும் மாத்திரைகள் எவை? போன ஆண்டு மருத்துவத்துக்கென்று குழுவில் எத்தனை கடன் கொடுத்தோம்? நோட்டைப் புரட்டிப் பார்ப்போமா?