பகடியா, வதையா?

ஓய்வு நேர மணி அடிக்கிறது. மாணவர்கள் சிற்றுண்டிச்சாலையை நோக்கி ஓடுகின்றனர். முதலாம் படிவ மாணவன் ஒருவன் மட்டும் வகுப்பறையிலேயே புத்தகப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக நேரத்தைக் கடத்துகிறான். அவனுக்குப் பசி இல்லாமல் இல்லை. அம்மா கொடுத்த மூன்று ரிங்கிட் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால், மாடிப்படி முடியும் இடத்தில் மூன்றாம் படிவ மாணவர்கள் மூவர் நிற்பார்கள். அவர்களைக் கடந்து செல்ல வேண்டுமானால் இரண்டு ரிங்கிட் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுத்தால், அவன் மலாய்மொழி பேசும் விதத்தை அப்படியே பேசிக் காட்டுவார்கள்; சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அம்மூவரில் ஒருவன் அவன் படித்த அதே தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பள்ளித் திடலில் அவனுக்குப் பந்து உதைக்கக் கற்றுக் கொடுத்தவன். அவனை 'அண்ணே' என்றுதான் இவன் இன்றும் அழைக்கிறான்.

வீடு திரும்பியதும் தட்டில் போட்ட சோற்றை அவன் அள்ளி அள்ளி உண்பதை அம்மா கவனிக்கிறார்.

"ஏன்யா, பள்ளிக்கூடத்துல ஒண்ணும் சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன்மா."

உரையாடல் அத்துடன் முடிந்துவிடுகிறது. இந்த மாணவன் ஒரு கற்பனைப் பாத்திரம். அவனுக்கு இங்குப் பெயர் சூட்டப்படவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கு எந்தப் பள்ளியிலும் ஒரு பெயர் கிடைத்துவிடும்.

அவனுக்கு நேர்வதை மலேசியத் தமிழர்கள் 'பகடிவதை' என்கின்றனர். இச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பகடி என்பது கேலி. வதை என்பது துன்புறுத்தல். துன்புறுத்துபவர் எப்போதும் முதல் பாதியைத்தான் சொல்வார். "சும்மா விளையாட்டுக்குச் செய்தோம்" என்பதே ஆசிரியரிடம் அவர் கூறும் முதல் விளக்கம். துன்புறுபவரோ இரண்டாம் பாதியை மட்டுமே அறிவார். நண்பர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது இயல்பு. இன்று கிண்டலுக்கு ஆளானவன் நாளை திருப்பிக் கிண்டல் செய்யலாம்; வேண்டாம் என்றால் நிறுத்தவும் செய்யலாம். அந்த வாய்ப்பு ஒருவருக்கு இல்லாமற் போனால், அது கிண்டலன்று. வயது, உடல் வலிமை, எண்ணிக்கை, செல்வாக்கு ஆகியவற்றுள் ஏதோ ஒன்றில் மேலோங்கியவர், தம்மை எதிர்க்க இயலாதவரை மீண்டும் மீண்டும் காயப்படுத்துவதுதான் பகடிவதை. அடி உதை இருந்தால்தான் அது பகடிவதை என்பதில்லை. பட்டப்பெயர் வைத்தல், கூட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்குதல், புலனக் குழுவில் ஒருவருடைய படத்தைச் சிதைத்துப் பகிர்தல் ஆகியவையும் அதனுள் அடங்கும். புலனத்தில் நடப்பது இன்னும் கொடியது எனலாம். மாடிப்படியில் நிற்பவர்கள் பள்ளி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், கைப்பேசி படுக்கையறை வரை வந்துவிடும்.

பள்ளிக்குள் நடக்கும் இச்செயலைப் பெரும்பாலோர் கட்டொழுங்குச் சிக்கலாகவே காண்கின்றனர். அதனை மனித உரிமைச் சிக்கலாகக் காணும் அமைப்பு ஒன்று நம் நாட்டில் உள்ளது. அதுவே சுஹாகாம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மலேசிய மனித உரிமை ஆணையம்.

1999-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய 597-ஆவது சட்டத்தின்கீழ் இவ்வாணையம் உருவாக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அது செயல்படத் தொடங்கியது. முன்னாள் துணைப் பிரதமர் மூசா ஹீத்தாம் அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். பிரதமரின் பரிந்துரைக்கேற்ப மாமன்னர் ஆணையர்களை நியமிக்கிறார். மனித உரிமை பற்றிய விழிப்புணர்வை வளர்த்தல், சட்டங்களை இயற்றும்போது அரசாங்கத்திற்கு ஆலோசனை கூறுதல், அனைத்துலக ஒப்பந்தங்களில் இணையுமாறு பரிந்துரைத்தல், உரிமை மீறல் பற்றிய புகார்களை விசாரித்தல் ஆகியவை அதன் பணிகள். இங்கு 'உரிமை' என்பது, முதன்மையாக, கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் பகுதியில் கூறப்பட்டுள்ள அடிப்படை உரிமைகளைக் குறிக்கும். அரசியலமைப்புக்கு முரண்படாத அளவில், 1948-இல் ஐக்கிய நாட்டு நிறுவனம் வெளியிட்ட அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தையும் ஆணையம் கருத்தில் கொள்கிறது.

மனித உரிமை என்றதும் பலரின் நினைவுக்கு வருவது சிறைச்சாலை, காவல் நிலையம், அகதிகள் முகாம் போன்றவையே. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை யாருக்கும் நினைவில் வராது. ஆனால், சிறுவர் உரிமை ஒப்பந்தம் அங்கேயும் செல்லுபடியாகும். 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட இவ்வொப்பந்தத்தில் மலேசியா 1995-இல் இணைந்தது. உடலாலும் மனத்தாலும் வன்முறைக்கு ஆளாகாமல் சிறுவர்களைக் காக்க வேண்டும் என்கிறது அதன் 19-ஆவது விதி. சிறுவர்களைப் பற்றி முடிவெடுக்கும்போது அவர்களின் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்பளிக்க வேண்டும் என்கிறது 12-ஆவது விதி. மாடிப்படிக்குப் பயந்து பட்டினி கிடக்கும் மாணவன் இழப்பது இரண்டு ரிங்கிட்டை மட்டுமன்று. பாதுகாப்பாக இருக்கும் உரிமையையும், அமைதியான மனத்துடன் கல்வி கற்கும் உரிமையையும் அவன் இழக்கிறான். தான் படும் துன்பத்தைச் சொன்னால் யாரேனும் செவிசாய்ப்பார்கள் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே இழக்கிறான்.

இந்த எண்ணத்தின் அடிப்படையில் ஆணையம் கல்வி அமைச்சுடன் இணைந்து, மனித உரிமை நற்பழக்கங்களைப் பள்ளிகளில் வளர்க்கும் திட்டத்தை மேற்கொண்டது. மாணவர்களுக்கு உரிமைகளைப் பட்டியலிட்டு மனனம் செய்ய வைப்பது அதன் நோக்கமன்று. பள்ளி நிருவாகம், ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோர் அன்றாடம் நடந்துகொள்ளும் முறை மாற வேண்டும் என்பதே நோக்கம். ஒரு மாணவன் புகார் கூற வரும்போது ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி "நீ என்ன செய்தாய்?" என்பதா, "என்ன நடந்தது?" என்பதா? இரண்டு கேள்விகளுக்கும் இடையில் ஒரு சொல்தான் வேறுபடுகிறது போலத் தோன்றும். முதல் கேள்வியைக் கேட்ட மாணவன் மறுமுறை அந்த அறையின் பக்கம் வரமாட்டான்.

2019-இல் சிறுவர்களுக்கென்றே தனி ஆணையர் ஒருவர் சுஹாகாமில் நியமிக்கப்பட்டார். பேராசிரியர் நூர் அஸியா முகமட் அவால் அப்பொறுப்பை ஏற்ற முதல் ஆணையர். பெரியவர்களுக்காகப் பேச ஆயிரம் வழிகள் உண்டு. அவர்கள் வாக்களிக்கலாம், சங்கம் அமைக்கலாம், வழக்குத் தொடரலாம். பதின்மூன்று வயது மாணவனுக்கு இவற்றில் எதுவும் எளிதன்று. அவன் சார்பில் பேசுவதற்குத் தனியொருவர் தேவைப்படுவது அதனால்தான்.

ஆணையத்தின் வரம்பையும் அறிந்திருத்தல் நலம். அது நீதிமன்றமன்று. விசாரணையின்போது சாட்சிகளை அழைக்கலாம். ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். உரிமை மீறல் நடந்திருப்பதாகக் கண்டால், அதற்குப் பொறுப்பான தரப்பிடம் பரிந்துரைகளை அனுப்பலாம். எவருக்கும் தண்டனை வழங்க அதற்கு அதிகாரம் இல்லை. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கில் அது தலையிடவும் முடியாது. "பல் இல்லாத புலி" என்று சிலர் குறை கூறுவதற்கு இதுவே காரணம். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், பள்ளிப் பகடிவதையைப் பொறுத்தவரை தண்டிக்கும் அதிகாரத்தைவிடக் கேட்டறியும் அதிகாரமே முதலில் தேவைப்படுகிறது. தண்டிக்க ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள்; என்ன நடந்தது என்பதுதான் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

தெரியாமலேயே போய்விட்டால் விளைவு எங்கே கொண்டு விடும் என்பதற்கு ஒரு வழக்கு போதும். காணாமற்போன ஒரு மடிக்கணினியைப் பற்றிய சந்தேகத்தில் தொடங்கிய துன்புறுத்தல், உயர்கல்விக்கூட விடுதி ஒன்றில் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது. அது நடந்தது 2017-இல். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2025-இல் முன்னாள் மாணவர்கள் அறுவருக்கு 18 ஆண்டுச் சிறைத்தண்டனை என முடிவானது. ஒரு குடும்பம் மகனை இழந்தது. ஆறு குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பின. அந்த விடுதியின் சுவர்களுக்கு அப்பால் ஒரு சொல் முன்கூட்டியே வெளிவந்திருந்தால் ஏழு இளைஞர்களின் வாழ்வும் வேறு திசையில் சென்றிருக்கலாம்.

சட்டமும் இப்போது கடுமையாகியிருக்கிறது. 2025-இல் குற்றவியல் சட்டத்தில் பகடிவதை தொடர்பான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அச்சுறுத்தும் அல்லது இழிவுபடுத்தும் சொற்களாலும் செயல்களாலும் ஒருவருக்கு மன உளைச்சல் ஏற்படுத்துவது குற்றமாகும். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்துடன் அவருடைய அடையாளத் தகவல்களைப் பரப்புவதும் குற்றமே. குற்றஞ்சாட்டப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவராக இருந்தால், 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி சிறுவர் நீதிமன்றமே பொதுவாக அவ்வழக்கை விசாரிக்கும்.

இங்கு ஒரு கடினமான கேள்வி எழுகிறது. துன்புறுத்தும் மாணவனுக்கு உரிமை உண்டா? உண்டு என்பதே பதில். அவனும் 18 வயதுக்குட்பட்ட சிறுவனே. அவனுடைய பெயரையும் படத்தையும் ஊடகங்களில் பரப்பி ஊரே கூடி ஏசுவது, பகடிவதையை இன்னொரு பகடிவதையால் தீர்க்க முயல்வதாகும். அவனைப் பள்ளியிலிருந்து நீக்கினால் மாடிப்படி காலியாகும் என்பது உண்மைதான். ஆனால், அவன் வேறொரு பள்ளியின் மாடிப்படியில் போய் நிற்கக்கூடும். அல்லது படிப்பையே விட்டுவிடக்கூடும். இதனால் அவன் செய்தது சிறு தவறு என்று ஆகிவிடாது. பறித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும். செய்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆலோசனைக்கு உட்பட வேண்டும். இவையெல்லாம் அவனைத் திருத்தும் வழிகள். துன்புற்றவனின் பாதுகாப்பு உறுதியான பிறகே இவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

கூடி நின்று சிரிப்பவர்களை எவரும் விசாரிப்பதில்லை. மாடிப்படியில் மூவர்தான் பணம் பறிக்கின்றனர். அங்கு நிற்பவர்களோ இருபது பேர். அந்த இருபது பேரின் சிரிப்பு இல்லையென்றால் பேசிக் காட்டுவதில் என்ன சுவை இருக்கிறது? ஒருவன் சிரிக்காமல் நகர்ந்து போனாலே கூட்டம் கலையத் தொடங்கும். ஒருத்தி "வா, நாம ஒண்ணா போகலாம்" என்று அவன் பக்கத்தில் நடந்தாலே அன்றைய இரண்டு ரிங்கிட் தப்பும்.

புகார் செய்வது காட்டிக்கொடுப்பதாகாது. எங்கே, எப்போது, யார், என்ன சொன்னார், யார் பார்த்தார் என்று ஒரு தாளில் தேதியுடன் எழுதி வைப்பது பெரிதும் உதவும். புலனத்தில் வந்த செய்திகளை அழித்துவிடாமல் படமெடுத்து வைக்க வேண்டும். பெற்றோரிடமோ வகுப்பாசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ அதைக் காட்டலாம். பள்ளியில் தீர்வு கிடைக்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தையும், அதன்பின் மாநிலக் கல்வி இலாகாவையும் பெற்றோர் அணுகலாம். சுஹாகாமிடமும் புகார் அளிக்கலாம். கோலாலம்பூர் தவிர கூச்சிங்கிலும் கோத்தா கினாபாலுவிலும் அதற்கு அலுவலகங்கள் உள்ளன. வீட்டிலும் சொல்ல முடியாத நிலை என்றால் 'தாலியான் காசே' உதவி எண் 15999 நாள் முழுவதும் இயங்குகிறது.

கதையின் மாணவன் முதலில் சென்றது ஆலோசக ஆசிரியரின் அறைக்கு. அதுவும் தானாகச் செல்லவில்லை. பக்கத்து மேசை மாணவி அழைத்துச் சென்றாள். நடந்தவற்றை அவன் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடிக்கும் வரை ஆசிரியர் குறுக்கிடவில்லை. இறுதியில் ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"உனக்கு இப்ப என்ன நடக்கணும்?"

அவன் நெடுநேரம் யோசித்தான்.

"அவங்கள பள்ளிக்கூடத்த விட்டு அனுப்ப வேணாம், டீச்சர். நான் கீழ இறங்கிப் போய்ச் சாப்பிடணும். அவ்வளவுதான்."

ஆசிரியர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மறுவாரம் மூவரின் பெற்றோரும் பள்ளிக்கு அழைக்கப்பட்டனர். ஓய்வு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆசிரியர் நிற்கத் தொடங்கினார். மாணவன் வரிசையில் நின்று நாசி லெமாக் வாங்கினான். மீதிச் சில்லறையை இருமுறை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பந்து உதைக்கக் கற்றுக் கொடுத்த அண்ணன் அடுத்த மேசையில் தனியே உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தனர். அன்று இருவருமே எதுவும் பேசவில்லை.