சைக்கிளுக்குக் கியர் மாற்றும் முன் பின்சக்கரத்தைப் பாருங்கள்



2022 ஆம் ஆண்டு பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. அந்த நாட்களில்தான் நமது லயங்களிலும் சைக்கிள் மறுபடி தலைகாட்டியது. டவுனில் பாவித்த கியர் சைக்கிள்களை வாங்கி வந்து இன்றும் ஓட்டுகிறவர்கள் பலர். மலைப் பாதைக்குக் கியர் நல்லதுதான். ஆனால் அதன் சாமான்களை மாற்றப் போய்க் காசைத் தொலைக்கிறவர்களையும் பார்க்கிறோம். ஆகவே இம்முறை பாடம் சைக்கிள் கியர்.

எமது தோட்டத்துத் தம்பி ஒருவர் கீழ்ப் பிரிவு லயத்திலிருந்து மேல் பிரிவிலுள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர். அவருடைய சைக்கிளில் பின்னால் ஏழு பல்சக்கரம். ஏற்றத்தில் கால் நோகிறது என்று அம்மாவின் சீட்டுக் காசில் ஒன்பது கியர் லீவரும் ஒன்பது சக்கரக் கசெட்டும் வாங்கினார். வீட்டில் வைத்துப் பார்த்தால் கசெட் பின்சக்கரத்தில் ஏறவே இல்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். லீவரையாவது பாவிப்போம் என்று பழைய ஏழு சக்கரத்துக்கே அதைப் பூட்டினார்.

எம்மிடம் கொண்டு வந்தபோது நாமும் கேபிளைத்தான் மாறிமாறித் திருகினோம். நடுக் கியரைச் சரியாக்கினால் இரண்டு ஓரமும் பிழைத்தது. ஓரத்தைச் சரியாக்கினால் நடு பிழைத்தது. "பழகினா சரியாப் போயிரும் தம்பி" என்று சொல்லி அனுப்பினோம். அது எமது பிழை. மூன்றாம் நாள் ஏற்றத்தில் எழும்பி நின்று மிதித்தபோது செயின் பாய்ந்து, முழங்கால் கல்லில் அடிபட்டது. ஐந்து நாள் பேர் போயிற்று. அதன் பிறகே நாம் விசாரித்துப் படித்தோம். படித்ததை இங்கே தருகிறோம்.

கியர் என்பது தனிச் சாமான் அல்ல

கையில் லீவர், அதிலிருந்து போகும் கேபிள், செயினைத் தள்ளும் கியர் மாற்றி, பல்சக்கரக் கூட்டம், அதைத் தாங்கும் ஹப், இவற்றோடு செயின். இவை ஒரே குடும்பம். ஒருவரை மாற்றினால் மற்றவரும் ஒத்துப்போக வேண்டும்.

பழைய காலத்து லீவரில் 'டிக்' சத்தம் கிடையாது. ஓட்டுபவர் செயினின் சத்தத்தைக் கேட்டு லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். 1984 இல் ஜப்பானின் ஷிமானோ கம்பனி ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கியர் மாறும் முறையைக் கொண்டு வந்து, அது எங்கும் பரவியது. வசதி கூடியது. ஆனால் ஒரு டிக்குக்கு இழுபடும் கேபிளின் அளவு, இரண்டு பல்சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்துக்குச் சரியாக இருக்க வேண்டிய கட்டாயமும் கூடவே வந்தது.

ஷிமானோ முறையில் ஒரு சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு உள்ள தூரம் இது:

ஏழு சக்கரம்: 5 மில்லிமீற்றர்
எட்டு சக்கரம்: 4.8 மில்லிமீற்றர்
ஒன்பது சக்கரம்: 4.35 மில்லிமீற்றர்

தம்பியின் ஒன்பது லீவர் ஒவ்வொரு டிக்குக்கும் செயினை 4.35 தான் நகர்த்தும். அவருடைய சக்கரமோ 5 இல் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் 0.65 குறைவு. ஆறு அடி போகும்போது கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் பிழை. எந்தத் திருகலாலும் இதைச் சரிக்கட்ட முடியாது. ஏழும் எட்டும் கிட்டிய அளவு என்பதால் சிலர் மாற்றிப் போட்டுச் சமாளிக்கிறார்கள். ஏழுக்கும் ஒன்பதுக்கும் அந்தச் சமாளிப்பு இல்லை.

ஹப் எந்த வகை?

கசெட் ஏன் ஏறவில்லை? பின்சக்கர ஹப் இரண்டு வகை. பழைய, விலை குறைந்த சைக்கிள்களில் ஹப்பில் மரை இருக்கும். பல்சக்கரக் கூட்டம் முழுவதும் அதில் திருகி ஏறும். அதற்குப் பெயர் பிரீவீல். மற்ற வகையில் ஹப்பின் மேலே வரிவரியாகக் காடி வெட்டிய உருளை இருக்கும். பல்சக்கரங்கள் அதில் வழுக்கி ஏறி, வெளியே ஒரு வளையத்தால் இறுக்கப்படும். அதுதான் கசெட். ஒன்றுக்கு உரியது மற்றதில் ஏறாது.

கழற்றாமலே கண்டுபிடிக்க வழி உண்டு. அச்சுக்குப் பக்கத்தில், கழற்றும் சாவி போடும் காடியைப் பாருங்கள். பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். அந்தக் காடியும் கூடவே சுற்றினால் கசெட். காடி அசையாமல் பல்சக்கரம் மட்டும் சுற்றினால் பிரீவீல்.

கசெட் ஹப்பிலும் நீளம் பார்க்க வேண்டும். எட்டு, ஒன்பது சக்கரக் கசெட்டுகள் ஒரே நீள உருளையில் ஏறும். ஏழு சக்கரத்துக்கான உருளை கட்டை. ஏழு சக்கரக் கசெட்டை நீள உருளையில் போடுவதானால் உள்ளே 4.5 மில்லிமீற்றர் வளையம் ஒன்று வைக்க வேண்டும்.

மரை ஹப்பில் மேலும் சக்கரம் கூட்டலாமா என்று கேட்பார்கள். கூட்டக் கூட பிரீவீல் அகலமாகும். வலப்பக்கத்து அச்சு, குண்டு தாங்காத நீளமாக வெளியே நிற்கும். பாரம் ஏற்றிக் குழியில் விழுந்தால் அச்சு வளையும், முறியும். அந்த ஆசை வேண்டாம்.

ஹப்பையே மாற்ற நினைப்பவர்கள் பிரேமின் பின் இரண்டு கால்களுக்கும் இடையே அளக்க வேண்டும். பெரும்பாலும் 126, 130, 135 மில்லிமீற்றர் என்று வரும். அளவு பொருந்தாத ஹப்பை அலுமினிய பிரேமில் நெம்பி ஏற்றவே கூடாது.

எண்ணிக்கை கூடினால் ஏற்றம் லேசாகுமா?

இதுதான் பாடத்தின் நெஞ்சு. தம்பி சொன்னார், "ஒன்பது போட்டா மலை லேசா ஏறும்னு சொன்னாங்க ஐயா." நாம் பற்களை எண்ணிப் பார்த்தோம். அவர் வாங்கிய கசெட்டின் பெரிய சக்கரத்தில் 28 பல். பழைய பிரீவீலிலும் 28 பல்தான்! பூட்டியிருந்தாலும் ஏற்றம் முன்போலவே இருந்திருக்கும்.

ஏற்றத்தை லேசாக்குவது சக்கரங்களின் எண்ணிக்கை அல்ல. முன்னால் சிறிய சக்கரத்தின் பல்லும், பின்னால் பெரிய சக்கரத்தின் பல்லும்தான். முன்னால் 28, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. 26 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 2 மீற்றர் போகும். பின்னால் 34 பல் என்றால் அதே சுற்றுக்கு ஏறக்குறைய 1.7 மீற்றர்தான் போகும். மெதுவாகப் போகும், ஆனால் காலுக்குப் பாரம் குறையும்.

ஏழு சக்கரத்திலேயே 14 முதல் 34 பல் வரை உள்ள பிரீவீல் இருக்கிறது. தம்பிக்கு வேண்டியிருந்தது அதுவும் ஓர் ஏழு கியர் லீவரும் மட்டுமே. இப்போது அதைத்தான் பூட்டியிருக்கிறார். பெரிய சக்கரம் போடும்போது கியர் மாற்றி 34 பல்லுக்குத் தாங்குமா என்று கேட்க வேண்டும். செயினும் சில கண்ணிகள் கூட வேண்டிவரலாம். ஆறு, ஏழு, எட்டுக்கு ஒரே வகைச் செயின் போதும். ஒன்பதுக்கு இன்னும் மெல்லிய செயின் வேண்டும்.

கடைக்குப் போகும் முன்

1. பின்னால் எத்தனை சக்கரம் என்று எண்ணுங்கள். லீவரும் அதே எண்ணிக்கைக் கியருக்கு உரியதாக இருக்கட்டும்.
2. ஹப் பிரீவீலா, கசெட்டா என்று சுற்றிப் பாருங்கள்.
3. பெரிய சக்கரத்தின் பல்லை எண்ணித் துண்டில் எழுதுங்கள். புதியதில் கூடாவிட்டால் ஏற்றத்துக்குப் பலன் இல்லை.
4. லீவரும் கியர் மாற்றியும் ஒரே கம்பனியாக இருந்தால் நல்லது. கம்பனிக்குக் கம்பனி கேபிள் இழுக்கும் அளவு மாறும்.
5. பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று காசு கொடுக்கும் முன் கேளுங்கள்.
6. பூட்டியதும் சமதரையில் எல்லாக் கியரையும் மாற்றிப் பாருங்கள். செயின் பாய்ந்தால் ஏற்றத்துக்குப் போகாதீர்கள்.

கையில் காசு குறைவாயின் டிக் இல்லாத பழைய வகை லீவர் கிடைக்குமா என்று தேடுங்கள். அது எத்தனை சக்கரத்துக்கும் பொருந்தும். பழகச் சில நாள் எடுக்கும், அவ்வளவே.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க

அ. உங்கள் சைக்கிளில் முன் சிறிய சக்கரத்தின் பல்லைப் பின் பெரிய சக்கரத்தின் பல்லால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றுக்கு மேலா, கீழா?
ஆ. எட்டு கியர் லீவரை ஒன்பது சக்கரத்துக்குப் பூட்டினால், ஒரு டிக்குக்கு எத்தனை மில்லிமீற்றர் பிழைக்கும்?

தம்பியின் ஒன்பது சக்கரக் கசெட் எமது அலுவலக அலுமாரியில் இருக்கிறது. பொருந்தக்கூடிய ஹப் உள்ளவர் யாராவது வந்தால் நியாய விலைக்கு வாங்கிக் கொள்ளலாம். சீட்டுக் காசில் கொஞ்சமாவது அந்தத் தாய்க்குத் திரும்பக் கிடைக்கட்டும். வாங்க வருபவர் முதலில் தமது பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.