கசாப்புக் கடையிலிருந்து உலக முதலிடம்

கேள்வி: உலகின் மிகப் பெரிய இறைச்சி நிறுவனம் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறதாமே?

பதில்: ஆம், பிரேசிலின் ஜேபிஎஸ்தான் அது. 1953-ல் அனாபொலிஸ் ஊரில் நாளுக்கு ஐந்து மாடுகள் அறுக்கும் சின்னத் தொழிலாக ஜோசே பட்டிஸ்டா சோப்ரின்யோ இதைத் தொடங்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயர். புதிய தலைநகர் பிரேசிலியாவைக் கட்ட வந்த தொழிலாளர்களுக்கு இறைச்சி சப்ளை செய்ததில் வியாபாரம் சூடுபிடித்தது.

அடுத்த தலைமுறை, அரசு வளர்ச்சி வங்கியின் பணபலத்தோடு அமெரிக்காவுக்குள் நுழைந்தது. 2007-ல் ஸ்விஃப்ட், 2009-ல் பில்கிரிம்ஸ் பிரைட் ஆகிய இறைச்சி நிறுவனங்கள் கைக்கு வந்தன.

2017-ல் மகன்கள் ஜோயெஸ்லி, வெஸ்லி இருவரும் அரசியல்வாதிகளுக்கு லஞ்சம் கொடுத்ததை ஒப்புக்கொண்டார்கள். தாய் நிறுவனத்துக்கு 1,030 கோடி ரெயால் அபராதம், சகோதரர்களுக்குச் சிறைவாசம். ஆனால், 2024-ல் இருவரும் இயக்குநர் குழுவுக்கே திரும்பிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய கவலை அமேசான் காடு. சட்டவிரோதமாகக் காட்டை அழித்து உருவாக்கிய மேய்ச்சல் நிலத்தில் கன்று வளரும். பிறகு, வழக்கில் சிக்காத பண்ணைக்கு மாறும். அங்கிருந்து ஜேபிஎஸ் ஆலைக்குப் போகும். பல்லாண்டுகளாகச் சரிபார்க்கப்பட்டது அந்தக் கடைசிப் பண்ணையின் ஆவணம் மட்டும்தான். கன்று பிறந்த இடம்வரை ஒவ்வொரு மாட்டையும் கண்காணிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். அதில் எந்த நிறுவனத்துக்கும் சலுகை கூடாது.