தம்பியிடம் மறைக்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகும் நாட்களில் தம்பியிடம் "அம்மா கடைக்குப் போட்டா" என்று சொல்லிச் சமாளிப்பதாக எழுதியிருந்தாய். உன் மனம் விளங்குகிறது. ஆனாலும் அதை நிற்பாட்டு. கடைக்குப் போனவ ஏன் வெறுங்கையோடு வந்து சத்தி எடுத்துப் படுக்கிறா? ஐந்து வயதுப் பிள்ளை இதையெல்லாம் கவனிக்கும். ஒருவரும் சொல்லாவிட்டால் தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கும். அந்த வயதில் பிள்ளை எதையும் தன்னை வைத்தே விளங்கிக்கொள்ளும் என்று பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் எழுதினார். "நான் குழப்படி செய்ததாலதான் அம்மாவுக்கு வருத்தம்" என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். அவன் கேட்கும்வரை காத்திராமல், அப்படியில்லை என்று நீயே சொல்லு.

புற்றுநோய் என்று பெயரையும் சொல்லு. வெறும் 'வருத்தம்' என்றால், நாளைக்குத் தனக்குத் தடிமன் வந்தாலும் பயந்துவிடுவான். அது தொட்டால் தொற்றாது, அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லு. அம்மாவுக்கு ஏற்றும் கீமோ மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்கும். மயிர்க்கால்களும் அப்படித்தான் பெருகும் என்பதால் முடி கொட்டலாம். முதல் மருந்து ஏற்றி இரண்டு மூன்று கிழமையில் அது தொடங்கும். சிகிச்சை முடிய, பெரும்பாலும் திரும்ப முளைக்கும். தலையணையில் முடியைக் கண்டு அவன் திடுக்கிட முன்னமே இதைச் சொல்லிவிடு. கிருமியை எதிர்க்கும் வெண்குழியங்கள் கீமோவால் குறையும் நாட்களில், தடிமனோடு அவன் அம்மாவுக்குக் கிட்டப் போகக்கூடாது. அப்போது "போ அங்கால" என்று துரத்தாதே. "உன்ர தடிமன் மாறினதும் அம்மாவோட படுக்கலாம்" என்று சொல்.

ஆனையிறவில் இருந்துகொண்டு இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில், அப்பா காணாமல்போன எத்தனையோ பிள்ளைகள் "அப்பா வருவார்" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தார்கள். சொன்ன தாய்மாருக்கே விடை தெரியாது; அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உனக்கோ தெரியும்: அம்மா எங்கே, எந்த பஸ்ஸில் போறா, எப்ப திரும்புவா. தெரிந்ததை ஏன் ஒளிக்க வேண்டும்?

"அம்மா செத்துப்போவாவா?" என்று கேட்டால் வாயைப் பொத்தாதே. மாட்டா என்று சத்தியமும் செய்யாதே. "சுகமாக்கத்தான் டொக்டர்மார் மருந்து தருகினம். ஏதும் மாறினால் உனக்கு நான் சொல்லுவன்" என்று சொல், சொன்னபடி செய்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முதல்நாள் இரவே, தன்னை யார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது, யார் சோறு தருவது என்று அவனுக்குத் தெரியவேண்டும். வகுப்பு ரீச்சருக்கும் விசயத்தைச் சொல்லிவை. அன்றைக்கு நான் முதல் பஸ்ஸில் வந்து சமையலைப் பார்க்கிறேன். நீ பாடத்தை விடாதே.

அன்புடன்,
பெரியம்மா