தபால்பெட்டியைத் தினமும் திறவுங்கள்

சுவிசில் எங்கள் சனம் எல்லா அட்டைக்கும் விசா என்றுதான் சொல்லும். என் விசா, எஃப் விசா, பி விசா, சி விசா. தஞ்சம் கேட்டவருக்குக் கொடுக்கும் முதல் அட்டையின் எழுத்தைத் தமிழில் எழுதினால் ‘என்’ விசா, ஏதோ எனக்கே சொந்தமானது போல. அதைப் போல் சொந்தமில்லாத ஒன்றை நான் கண்டதில்லை. 1990இல் வந்து 10 வருடம் அதோடுதான் இருந்தேன். 1992 முடிவதற்குள் வந்து, முடிவில்லாமல் இழுபட்டுக் கிடந்தவர்களுக்கு 2000இல் அரசு ஒரு வழி திறந்தது. அப்போது கைக்கு வந்தது எஃப், தற்காலிக ஏற்பு. 2004இல் பி, வதிவிட அனுமதி. 2014இல் சி, நிரந்தர வதிவிட அனுமதி. இந்தக் கடைசி 10 வருடத்தில் பாதியை நானே தொலைத்தேன். எப்படித் தொலைத்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கோயில் வாசலிலும் மரக்கறிக் கடையிலும் மறித்து, “அண்ணை, சி-க்கு என்ன செய்ய வேணும்?” என்று கேட்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எஃப்பிலிருந்து கடினநிலை விண்ணப்பம் போட்டு பி எடுத்தவர்களும், கலியாணம் முடித்துக் குடும்ப இணைவில் வந்தவர்களும்தான் என் கண்ணில் நிற்கிறார்கள்.

1. முதலில் வருடத்தைச் சரியாக எண்ணுங்கள். “நான் வந்து 14 வருசம் அண்ணை” என்றார் ஒரு தம்பி. அதில் 3 வருடம் என், 6 வருடம் எஃப். சி-க்கான 10 வருடக் கணக்கில் அந்த 9 வருடமும் சேராது. சட்டம் எண்ணுவது வதிவிட அனுமதியோடு, அதாவது பி-யோடு அல்லது குறுகியகால எல்-லோடு, இருந்த காலத்தை. அதிலும் கடைசி 5 வருடம் இடைவெளி இல்லாத பி-யாக இருக்க வேண்டும். தம்பியின் உண்மையான கணக்கு 5. முகம் செத்துப் போனார். ஆனால் அந்த 5 வருடத்தோடும் ஒரு குறுக்குவழி இருக்கிறது: நன்றாக ஒன்றிணைந்தவர் என்று காட்டினால் 10 வருடம் முடியுமுன் கேட்கலாம். இரண்டு வழியிலுமே சட்டம் ‘கொடுக்கலாம்’ என்றுதான் சொல்கிறது, ‘கொடுக்க வேண்டும்’ என்று இல்லை. சி வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ என்றால், 5 வருடம் சேர்ந்து வாழ்ந்து மொழியும் இருந்தால், கேட்க உரிமையே உண்டு.

குடியுரிமைக்கு எஃப் வருடங்களில் பாதி எண்ணப்படும் என்பது சரிதான். ஆனால் 2018க்குப் பிறகு சி கையில் இல்லாமல் அந்தக் கதவைத் தட்டவே முடியாது.

2. தபால்பெட்டியைத் தினமும் திறவுங்கள். நான் 5 வருடத்தைத் தொலைத்த இடம் இதுதான்.

2008இல் வீடு மாறினேன். கெமைண்டவில் (ஊராட்சி அலுவலகத்தில்) பதிந்தேன், பள்ளிக்கூடத்துக்குச் சொன்னேன், ஒரு தொலைபேசிக் கம்பனிக்குச் சொல்ல மறந்தேன். 180 பிராங் பில் பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கதவைத் தட்டி ஒருவர் ஒரு தாளை நேரே கையில் தந்தார். கடன் அறவீட்டு அலுவலகத்தின் பணம் கட்டும் கட்டளை. நான் பயந்து, அடுத்த நாளே தபாற்கந்தோரில் முழுக்காசையும் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். அடுத்த வருடம் முன்கூட்டியே சி கேட்கப் போனால், பெட்ரைபுங் (கடன் அறவீட்டு) பதிவுத் தாளில் அந்த 180 பிராங் உட்கார்ந்திருக்கிறது. கட்டினால் அழியும் என்று நினைத்தேன். அழியாது. கட்டியது என்று பக்கத்தில் குறிப்பு வரும், அவ்வளவுதான். பெட்ரைபுங் போட்டவர் தானே அதைத் திருப்பி வாங்கினாலொழிய 5 வருடம் மற்றவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்.

ஒரு பதிவுக்காகச் சட்டம் யாரையும் துரத்துவதில்லை என்று இப்போது தெரியும். அன்று கவுண்டரில் இருந்த அம்மா தாளைப் பார்த்து, என்னைப் பார்த்து, “இது அழிந்த பிறகு வாருங்கள்” என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆகவே சில விஷயங்கள். இந்த நாட்டில் யாரும் யார் மேலும் பெட்ரைபுங் போடலாம், கடன் உண்மையா என்று அலுவலகம் முதலில் விசாரிக்காது. கட்டளை கைக்கு வந்தால், கடன் உங்களுடையது இல்லையென்றால் 10 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். ரெக்ட்ஸ்ஃபோர்ஷ்லாக் என்ற அந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். தாளைக் கொண்டு வருபவரிடமே சொல்லிவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆட்சேபம் சொல்லி, கட்டளை கைக்கு வந்து 3 மாதம் கழிந்தும் போட்டவர் மேலே நடக்கவில்லை என்றால், 40 பிராங் கட்டி அந்தப் பதிவை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டாம் என்று கேட்கலாம். 2019இல் வந்த வசதி இது, என் காலத்தில் இருக்கவில்லை. கடன் உங்களுடையதுதான் என்றால், கட்டுமுன் அந்தக் கம்பனியோடு கதைத்து, “கட்டுகிறேன், பெட்ரைபுங்கைத் திருப்பி வாங்குகிறேன் என்று எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். காசு போன பிறகு கேட்டால் ஒருவரும் தொலைபேசி எடுக்க மாட்டார்.

பதிவுத் தபாலுக்கு வரும் அழைப்புத் துண்டும் அப்படியே. 7 நாளுக்குள் போய் எடுக்காவிட்டாலும், உங்கள் கைக்கு வந்ததாகவே கணக்கு.

3. மற்றவருக்காகக் கையெழுத்து வைக்காதீர்கள். சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனதையும், மகளின் சாமத்திய வீட்டுக்கு மண்டபமும் ஹெலிகொப்டரும் பிடிக்க மச்சான் பேரில் வங்கிக் கடன் எடுத்ததையும் இந்த 30 வருடத்தில் எவ்வளவோ பார்த்துவிட்டேன். அறவிட முடியாமற் போன கடனுக்குக் கொடுக்கும் நட்டப் பத்திரம் 20 வருடம் உயிரோடு இருக்கும். மச்சானுக்கு இன்னும் பி தான். கொண்டாட்ட வீடியோவில் அவர்தான் முன்வரிசையில் இருக்கிறார்.

4. சோசியல் எது, எது இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கெமைண்ட தரும் சமூக உதவிக் காசுதான் சி-க்குக் குறுக்கே நிற்கும். வேலை போனால் வரும் வேலையற்றோர் காப்புறுதிக் காசு உங்கள் சம்பளத்தில் வெட்டிச் சேர்த்தது, அது சோசியல் இல்லை. கிராங்கன்காசே (மருத்துவக் காப்புறுதி) கட்டணத்துக்குக் கன்டோன் (மாநில அரசு) தரும் சலுகையும் சோசியல் இல்லை. சி போய்விடும் என்று பயந்து இந்தச் சலுகைக்கு விண்ணப்பிக்காமல், மாதக் கட்டணமும் கட்ட முடியாமல், கடைசியில் பெட்ரைபுங் வாங்கிய குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

5. மொழி. 10 வருட வழிக்குப் பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1. 5 வருட வழிக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ1. உங்கள் ஊர் பேசும் மொழியில். எழுத்துக்கு ஏ1 என்பது ஒரு சின்னக் குறிப்பு எழுதுகிற அளவு. பேச்சுத்தான் இடறும்.

நான் 22 வருடம் உணவகக் குசினியில் நின்றவன். என் டொய்ச் (ஜெர்மன்) முழுவதும் கட்டளை: கெதியாய், சூடு, பின்னால் வருகிறேன், தட்டு எங்கே. ஒரு முழு வாக்கியத்துக்கு அங்கே நேரமில்லை. காதில் விழுவது சுவிஸ் டொய்ச், புத்தகத்தில் இருப்பது வேறு டொய்ச். குசினியில் எத்தனை வருடம் நின்றாலும் பி1 தானாக வராது. வகுப்புக்குப் போகத்தான் வேண்டும்.

ஃபீடே என்ற மொழிப் பரீட்சைக்கு என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் கேட்பது வீட்டு உரிமையாளரோடு கதைப்பது, பிள்ளையின் வாத்தியாரைச் சந்திப்பது, டொக்டரிடம் போவது போன்ற அன்றாடக் கதைகள். அவளுக்கு டொக்டர் வந்தது. அவள் அலுவலகங்கள் துப்புரவு செய்பவள், வலது மணிக்கட்டு உண்மையிலேயே இரண்டு மாதமாக நோ. எந்தப் பக்கம் வலிக்கிறது, வாளி தூக்கும்போது எப்படி, இரவில் எப்படி, என்ன தைலம் பூசினாள் என்று எல்லாம் சொன்னாளாம். வெளியே வந்து, “அவ எனக்கு மருந்து எழுதித் தரேல்லை” என்று சிரித்தாள். பேச்சில் பி1 கிடைத்தது. பாடமாக்கிக்கொண்டு போன பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் கிடைக்கவில்லை.

கடும் நோய், உடற்குறைபாடு, எழுத வாசிக்கப் பெரிய சிரமம் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே உண்டு. வைத்தியர் கடிதத்தோடு கேளுங்கள்.

6. மனைவியின் பரீட்சையை நீங்கள் எழுத முடியாது. ஆளுக்கு ஆள் தனியாகத்தான் பார்ப்பார்கள். கணவருக்குச் சி, மனைவிக்கு 15 வருடமாகப் பி என்று இருக்கும் வீடுகளில் நான் கண்ட காரணம் அநேகமாக ஒன்றுதான்: கடிதம், டொக்டர், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் கணவரே போனார். உதவி என்றுதான் போனார். தங்கச்சிமாரே, தாயும் பிள்ளையும் சேர்ந்து போகும் மூக்கி டொய்ச் வகுப்பு பல ஊர்களில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நீங்களே தொலைபேசி எடுங்கள், பிழையாகக் கதைத்தாலும் பரவாயில்லை. ஊரிலிருந்து பிள்ளைகளை அழைக்க இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 12 வயது தாண்டிய பிள்ளைக்கு விண்ணப்பிக்க ஒரு வருடம்தான் தவணை. பெற்றோரின் சி-யோடு 12 வயதுக்குள் வந்து சேரும் பிள்ளைக்கு நேரே சி கிடைக்கும்.

7. பி முடிய 3 மாதம் இருக்கும்போது புதுப்பிக்கக் கொடுங்கள், 2 கிழமைக்குக் குறைய விடாதீர்கள். படிவம் நிரப்ப 300 பிராங் கேட்கும் ஆட்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள், கெமைண்ட கவுண்டரில் சும்மா சொல்லித் தருவார்கள்.

8. சி வந்ததும் சம்பளம் கூடியது போல் தெரியும். உண்மையில் கூடியதல்ல. பி-யில் இருக்கும்வரை வரியை முதலாளி சம்பளத்திலேயே வெட்டிக் கட்டுகிறார். சி வந்ததும் அடுத்த மாதத்திலிருந்து வெட்டு நின்றுவிடும், வரிப் படிவம் நிரப்பி நீங்களே கட்ட வேண்டும். பில் பிந்தி வரும், மொத்தமாக வரும். சி கிடைத்த சந்தோசத்தில் கார் மாற்றி, அடுத்த வருடம் வரிக்காகவே முதல் பெட்ரைபுங் வாங்கிய ஆட்கள் ஒன்றிரண்டு பேரல்ல. பழைய சம்பளச் சீட்டை எடுத்து, வரிக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று பாருங்கள். அந்தத் தொகையை மாதாமாதம் வேறு கணக்கில் போடுங்கள், கைவைக்காதீர்கள்.

9. சி-யும் போகும். 2019க்கு முன் 15 வருடம் இருந்தவரிடம் சோசியலுக்காகச் சி-யைப் பறிக்க முடியாதிருந்தது, இப்போது அந்தக் காப்பு இல்லை. பறிக்காமல் பி-க்கு இறக்கிவிடவும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஊரில் வீடு திருத்தி, மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு, மாதக் கணக்கில் இருக்கிறீர்கள். 6 மாதம் தாண்டினால் சி தானாகவே அற்றுப்போகும், யாரும் கடிதம் போட்டு எச்சரிக்க மாட்டார்கள். நீண்ட நாள் இருக்கப் போவதென்றால் போகுமுன் கன்டோனிடம் கேட்டால் 4 வருடம் வரை வைத்துத் தருவார்கள். என் கூட்டாளி ஒருவர் கேட்காமல் போய், சுண்டிக்குளிப் பக்கம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கோடு கீறிக்கொண்டு இருந்தார். 5 மாதமும் 3 கிழமையும் ஆனபோது சூரிச்சில் வந்து இறங்கினார். விமானச் சீட்டின் துண்டை இன்னும் பேர்சுக்குள் வைத்திருக்கிறார், கேட்டால் எடுத்துக் காட்டுவார்.