தேயிலையில் ஏறும் அருமண் உலோகம்

சிகரெட் லைட்டரில் பொறி பறக்கச் செய்யும் சிறு கல்லை நம்மில் பலர் விற்றிருக்கிறோம். அதில் சீரியம், லாந்தனம் என்னும் உலோகங்கள் உள்ளன. இவ்வகையில் மொத்தம் 17 உலோகங்கள். அருமண் உலோகங்கள் என்று பெயர். பெயரில்தான் அருமை, சிறிதளவாக மண்ணில் எங்கும் உண்டு. நம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் கிடைக்கும் மோனசைட்டில் நிறையவே உண்டு.

சில செடிகள் இவற்றை இலையில் சேர்த்து வைக்கின்றன. தென் சீனத்துச் செம்மண் குன்றுகளில் வளரும் டைக்ரனாப்டெரிஸ் என்னும் பெரணிச் செடி இதில் பெரிய கை. அதன் காய்ந்த இலை ஒரு கிலோவில் 3 கிராம் வரை இருக்கும். புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் உலோகம் எளிதில் கரையும். வேர் அதை நீரோடு உறிஞ்சி மேலே அனுப்பும். நீர் இலை வழியே ஆவியாகிவிடும், உலோகம் தங்கிவிடும். உப்பளத்தில் நீர் வற்ற உப்பு நிற்பதைப் போலத்தான். ஆகவே தளிரில் குறைவு, முற்றிய இலையில் அதிகம்.

தேயிலையும் புளிப்பு மண்ணில் வளர்வதுதான். பெரணியைப் போல அள்ளிக் குவிக்காவிட்டாலும் வழி ஒன்றே. 2005ஆம் ஆண்டின் சீனத் தர விதிப்படி, ஒரு கிலோ தேயிலையில் இவை 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கொழுந்தில் செய்யும் பச்சைத் தேயிலைக்குத் தொல்லை குறைவு. முற்றிய இலையில் செய்யும் ஊலாங் வகைதான் அடிக்கடி மாட்டிக்கொண்டது. யாரும் எதையும் கலக்கவில்லை; செடியே சேர்த்த சரக்கு! கலப்படம் செய்யாதவனும் சோதனையில் தோற்றால் அவன் எங்கே போய் முறையிடுவான்?

என் கணக்கில், எடை போட்ட இடம்தான் தவறு. நாம் இலையைத் தின்பதில்லை, சாற்றைக் குடிக்கிறோம். இவ்வுலோகங்களில் பெரும்பகுதி சக்கையிலேயே நின்றுவிடுகிறது. 2017இல் சீனா இந்த வரம்பையே நீக்கிவிட்டது.

ஆனால் புளோரைடு விஷயம் வேறு. அதுவும் முற்றிய இலையில்தான் சேரும்; ஆனால் சாற்றில் நன்றாக இறங்கிவிடும். முற்றிய இலையை அழுத்திச் செய்யும் கட்டித் தேயிலையை நாள் முழுதும் காய்ச்சிக் குடிக்கும் திபெத்தியரிடையே பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டது இதனால்தான். ஆகவே தேயிலைக்குச் சோதனைச் சீட்டு வந்தால், அந்த எண் இலைக்குரியதா, சாற்றுக்குரியதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.