படம் ஓடுகிறது, நாதஸ்வரத்தைக் காணோம்

கிள்ளான் பள்ளத்தாக்கிலே ஒரு தமிழ்க் குடும்பத்தின் அலமாரியைத் திறந்து பார்த்தால், அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தோடு வீடியோவின் சரித்திரமும் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பெற்றோரின் விவாகம் விஎச்எஸ் நாடாவில் இருக்கும். மூத்த பெண்ணின் காதணி விழா விசிடியில் இருக்கும். தம்பியின் பட்டமளிப்பு சிறு கேமராவின் ஏவிஐ கோப்பிலும், பேரப் பிள்ளைக்குப் பத்துமலையில் முடியிறக்கிய வைபவம் கைப்பேசியின் எம்பி4 கோப்பிலும் இருக்கும். இவற்றையெல்லாம் திரட்டி, கைப்பேசித் திரையில் விரலை நகர்த்திப் பழகாத பெரியவர்களுக்காக டிவிடியாக்கிக் கொடுக்கவேண்டும் என்கிற ஆசை பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் கிள்ளான் தாமான்களிலும் பல பிள்ளைகளுக்கு உண்டாவது நியாயமே. ஆனால் வட்டைப் போட்டவுடன் படம் ஓடுகிறது, புரோகிதரின் வாய் அசைகிறது, தவில்காரரின் கை பறக்கிறது, சப்தம் மட்டும் வருவதில்லை. கெட்டிமேளம் இல்லாத மாங்கல்ய தாரணத்தைப் பார்த்து எந்தப் பாட்டிதான் திருப்தியடைவாள்?

இந்தச் சங்கடம் நேர்ந்ததும் பெரும்பாலோர் செய்வது என்னவென்றால், வேறொரு மென்பொருளை இறக்கி, இரண்டு மணி நேரப் படத்தை முதலிலிருந்து மாற்றி, இன்னொரு வட்டையும் பாழாக்குவதுதான். நோயை அறியாமல் மருந்தை மாற்றிக்கொண்டே போவதற்கு ஒப்பான காரியம் இது. சப்தமானது மூலக் கோப்பிலிருந்து புறப்பட்டு, மாற்றும் மென்பொருள் வழியாக வட்டில் ஏறி, பிளேயரையும் கம்பியையும் கடந்து தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கியை அடைகிறது. இந்த யாத்திரையில் அது கடைசியாக எந்த இடத்தில் காதில் விழுந்தது என்று தெரிந்துகொண்டால் கோளாறு அதற்கு அடுத்த இடத்தில்தான் இருக்கிறது என்று நிச்சயிக்கலாம். மற்ற இடங்களைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

ஆகையால் முதலில் கணினியை விட்டுவிட்டு, கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஒன்றை அதே பிளேயரில் போட்டுப் பாருங்கள். அதிலும் சப்தம் இல்லையென்றால் உங்கள் வட்டு நிரபராதி; பிளேயரையும் டிவியையும் இணைக்கும் கம்பிகளைப் பாருங்கள். மஞ்சள் கம்பி படத்தை மட்டுமே சுமக்கிறது. சப்தம் சிவப்பிலும் வெள்ளையிலும் போகிறது. புதிய தட்டைத் திரை டிவிகள் சில, மூன்று துளைகளுக்குப் பதிலாக ஒரே சிறு துளையை வைத்து, அதற்கென ஓர் இணைப்புக் கம்பியைத் தருகின்றன. அந்தக் கம்பியின் உள்ளமைப்பு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால், ஒரு டிவியின் கம்பியை இன்னொன்றில் செருகினால் படம் வந்து சப்தம் வராமற்போவது சகஜம். எச்டிஎம்ஐ கம்பியாக இருந்தால், பிளேயரின் ஆடியோ அமைப்பில் ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘ரா’ என்றிருப்பதைப் ‘பிசிஎம்’ என்று மாற்றிவிடுங்கள்.

சினிமா வட்டில் சப்தம் வந்து, உங்கள் வட்டில் மட்டும் வராவிட்டாலும் பிளேயர்மேல் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. கரோக்கே வசதியுள்ள பிளேயர்கள் நம் வீடுகளில் அநேகம். கரோக்கே விசிடிகளில் ஒரு பக்கத்தில் வாத்தியம் மட்டும் பதிவாகியிருக்கும், மறுபக்கத்தில் பாடகரின் குரலும் சேர்ந்திருக்கும். வேண்டிய பக்கத்தைத் தேர்ந்தெடுக்க ரிமோட்டில் ஒரு பொத்தான் உண்டு. தீபாவளி இரவு யாரோ அதை வலப்பக்கத்துக்குத் திருப்பிவிட்டு மறந்திருந்தால், இடப்பக்கத்தில் மட்டும் சப்தம் பதிவான வீட்டு வீடியோ அந்தப் பிளேயரில் ஊமையாகத்தான் ஓடும்.

இதைவிட விசித்திரமான கோளாறு ஒன்றும் உண்டு. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நின்ற பிறகு, பழைய பிக்சர் டியூப் டிவிகள் சில வீடுகளில் டிவிடி பார்ப்பதற்கென்றே ஜீவித்திருக்கின்றன. ஒரே ஒலிபெருக்கி உள்ள பெட்டியில் இடம், வலம் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும். பதிவின்போது மைக் இணைப்பில் நேர்ந்த பிசகினால் ஒரு பக்கத்தின் அலை மேலேறும்போது மறுபக்கத்தின் அலை கீழிறங்குமாறு அமைந்துவிட்டால், கலந்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இயர்போனில் நன்றாகக் கேட்ட வாழ்த்துரை தாத்தா வீட்டு டிவியில் மாயமாவதற்கு இதுவே காரணம். ஒலியைத் திருத்தப் பயன்படும் இலவச மென்பொருளான ஆடசிட்டியில் இரு பக்கங்களையும் பிரித்து, ஒன்றை மட்டும் ‘இன்வெர்ட்’ செய்து மறுபடி சேர்த்தால் தீர்ந்தது.

இரண்டாவது பரிசோதனை மூலக் கோப்பைப் பற்றியது. விஎல்சி என்னும் இலவச மென்பொருளில் அதை ஓடவிடுங்கள். அங்கேயே சப்தம் இல்லையென்றால், மாற்றும் மென்பொருளின்மேல் பழி சுமத்துவது அநியாயம். விஎச்எஸ் நாடாவிலிருந்து எடுத்த கோப்புகளில் இது அடிக்கடி நிகழ்கிறது. யுஎஸ்பி பதிவுக் கருவியின் மூலம் படம் வந்துகொண்டிருக்க, ஒலிக்கான இடத்தில் மடிக்கணினியின் சொந்த மைக் தேர்வாகியிருந்தால், கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்துக்குப் பதிலாக உங்கள் கூடத்து மின்விசிறியின் இரைச்சல் பதிவாகியிருக்கும். பதிவு மென்பொருளில் ஒலி மூலமாக அந்தக் கருவியையே தேர்ந்தெடுத்து மறுபடியும் பதிவு செய்வதைத் தவிர வேறு உபாயம் இல்லை. விசிஆரில் ‘ஹைஃபை’, ‘நார்மல்’ என்ற தேர்வு இருந்தால் இரண்டையும் மாற்றிக் கேளுங்கள். இரண்டும் நாடாவில் வெவ்வேறு இடங்களில் பதிவாகிறவை, ஆதலால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று பிழைத்திருக்கக் கூடும்.

விஎல்சியில் சப்தம் கேட்டது என்பதனால் மட்டும் நிம்மதியடைந்துவிடாதீர்கள். அந்த மென்பொருள் பெரும்பாலும் எல்லா ஒலி வகைகளையும் வாசிக்கும் திறனைத் தன்னிடத்திலேயே வைத்திருப்பது. உங்கள் மாற்றும் மென்பொருளுக்கு அந்தப் பாண்டித்தியம் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே விஎல்சியின் ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ பகுதியைத் திறந்து, ஒலியின் வகையையும் வினாடிக்கு எத்தனை மாதிரிகள் என்ற எண்ணையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வழக்குகள் இந்த இரண்டு விவரங்களிலேயே தீர்ந்துவிடுகின்றன.

விஷயம் இதுதான். டிவிடி வீடியோவின் சட்டம் 1990-களில் எழுதப்பட்டது. அதன்படி ஒலி பொதுவாக வினாடிக்கு 48,000 மாதிரிகள் கொண்டதாக இருக்கவேண்டும், வகை ஏசி-3, எம்பி2, பிசிஎம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கவேண்டும். டிடிஎஸ் என்பதும் அனுமதிக்கப்பட்டதே, ஆனால் அதை வாசிப்பது பிளேயரின் விருப்பம். நம் கோப்புகளோ வேறு வேறு காலத்தில் பிறந்தவை. கைப்பேசி வீடியோவின் ஒலி ஏஏசி. அந்த வகைக்கு டிவிடியில் இடமே இல்லை. விசிடியின் ஒலி எம்பி2 என்பதால் உறவு முறை சரியாகத் தோன்றினாலும், அதன் எண்ணிக்கை 44,100. அதை அப்படியே டிவிடிக்குள் நுழைத்தால் சில பிளேயர்கள் பேசும், சில மௌனம் சாதிக்கும். மினிடிவி கேமராவில் 12 பிட் முறையில் எடுத்தவை 32,000. இவை எல்லாவற்றையும்விடத் தொல்லை தருபவை பழைய நோக்கியா காலத்து 3ஜிபி கோப்புகள். அவற்றின் ஒலி ஏஎம்ஆர் என்ற வகையில் வெறும் 8,000 மாதிரிகளோடு பதிவானது, அதை வாசிக்கத் தெரியாத மென்பொருள்கள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒலியைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுகின்றன.

இதற்குப் பரிகாரமாக, பலவகை ஒலிகளை வாசிக்கும் திறன்களைத் திரட்டிய ‘கோடெக் பேக்’ என்ற மூட்டையைக் கணினியில் ஏற்றச் சொல்லும் ஆலோசனை லோ யாட் பிளாசா தொடங்கி எங்கும் இலவசமாகக் கிடைக்கும். என் அபிப்பிராயத்தில் அது ஒரு கோளாறுக்காக ஒன்பது கோளாறுகளை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

அதைவிட, மாற்றும் மென்பொருளிலேயே ஒலியை டிவிடியின் சட்டத்துக்கு ஏற்ப அமைப்பதே நேர்வழி. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். புதிய திட்டம் தொடங்கும்போது மலேசியாவின் முறையான பால் முறையையும், ஒலி வகையாக ஏசி-3 48 கிலோஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள். எம்பி2-வும் இங்கே செல்லும்; சென்னைக்கோ லண்டனுக்கோ அனுப்பினாலும் செல்லும். டொரொண்டோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்புவதானால் அங்கே வழங்குவது என்டிஎஸ்சி முறை என்பதால் ஏசி-3 வைப்பதே க்ஷேமம். பிசிஎம் ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 690 மெகாபைட்டை விழுங்கும். 192 கிலோபிட் ஏசி-3-க்கு 86 மெகாபைட் போதும். பிறகு ஒவ்வொரு வீடியோவின் பண்புகளையும் தனித்தனியே திறந்து, ஒலிக்கு நேரே ‘காப்பி’ என்றிருந்தால் அதை ஏசி-3 என்று மாற்றுங்கள். ‘காப்பி’ என்றால் உள்ளதை உள்ளபடியே வட்டில் ஏற்று என்று பொருள், விசிடிக் கோப்புகள் ஊமையாவதற்கு இந்த ஒரு சொல்லே போதும். கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலித்தடங்கள் இருந்தால், வெறுமையான தடம் முதலில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பிளேயர் வழக்கமாக முதல் தடத்தைத்தான் ஒலிக்கச் செய்யும், மற்றவற்றை ரிமோட்டின் ‘ஆடியோ’ பொத்தானைக் கொண்டுதான் வரவழைக்க வேண்டும்.

மென்பொருள் ஒலியை ஏற்கவே மறுத்தால், எஃப்எஃப்எம்பெக் நூலகம் சேர்க்கப்பட்ட ஆடசிட்டியில் மூலக் கோப்பைத் திறந்து, மாதிரி எண்ணிக்கையை 48,000 என்று வைத்து, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். அலைகள் எழாமல் நேர்கோடாகப் படுத்துக் கிடந்தால் அந்தக் கோப்பில் ஒலியே இல்லை என்பதும் அப்போதே தெரிந்துபோகும். அலை இருந்தால், அந்த வேவ் கோப்பை டிவிடிஸ்டைலரில் அதே படத்துக்குரிய ஒலியாகச் சேர்த்துவிடலாம்.

எம்பி4 கோப்பை மாற்றாமல் அப்படியே வட்டில் எழுதிவிட்டு அதை டிவிடி என்று நம்புகிறவர்களும் உண்டு. அது தகவல் வட்டு மாத்திரமே. சில பிளேயர்கள் அதிலிருந்து படத்தை மட்டும் காட்டி, தங்களுக்குத் தெரியாத ஒலியை விட்டுவிடும்.

கடைசிப் பரிசோதனையை வட்டு இல்லாமலே தொடங்கலாம். ஒவ்வொரு கோப்பிலிருந்தும் ஐந்து நிமிடப் பகுதியை மட்டும் வைத்து ஒரு சிறு திட்டம் தயாரித்து, வட்டில் எழுதாமல் ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமித்து விஎல்சியில் கேளுங்கள். அது சரியாக இருந்தால், மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டு ஒன்றில் ஏற்றிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறியாவது கிள்ளான் போய், பெரியவர்களின் பிளேயரிலேயே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியின் ஆரம்பத்தை மட்டும் கேட்டுத் திரும்பிவிடக் கூடாது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் பல சமயங்களில் ஒலி அறுந்துபோகிறது.

எல்லாம் ஒலித்த பிறகும் ஒரு கலக்கம் வரக்கூடும். வட்டைக் கணினியில் திறந்தால் வீடியோ_டிஎஸ், ஆடியோ_டிஎஸ் என்று இரண்டு உறைகள் தெரியும், இரண்டாவது காலியாக இருக்கும். ஒலி தொலைந்துவிட்டதென்று பதறவேண்டாம். அந்த உறை டிவிடி ஆடியோ என்ற வேறு வகை வட்டுக்காக ஒதுக்கப்பட்டது. உங்கள் நாதஸ்வரம் வீடியோ_டிஎஸ் உறைக்குள் உள்ள விஓபி கோப்புகளில் படத்தோடு கலந்தே இருக்கிறது. காலிதானே என்று அந்த உறையை நீக்கிவிட்டு வட்டை எழுதவும் வேண்டாம், அது இல்லாத வட்டைச் சில பழைய பிளேயர்கள் ஏற்பதில்லை.